மண்ணெண்ணெயில் வைக்க வேண்டிய அக்கா

குளத்துக்காரருக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எடுத்தவுடன் அதைத்தான் சொல்வார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகப் பொது நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிற மனிதர், இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை. ஏன் என்று கேட்டால், சமையல்காரர் அண்டாவுக்குள் இறங்கியா சமைக்கிறார் என்று திருப்பிக் கேட்பார்.

தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அவர் வேலை. நீளக் கம்பில் கட்டிய வலையால் இலை தழைகளை அள்ளுவார், ஓரத்து ஓடுகளைத் தேய்ப்பார், பம்பு அறையிலிருந்து வரும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார். குளோரின் எவ்வளவு போடுவது என்பதை மட்டும் அவர் மூக்கு முடிவு செய்யும். வாடை குப்பென்று அடித்தால் குளோரின் தாராளமாக இருக்கிறது. வாடை இல்லையென்றால் இன்னும் போட வேண்டும். அந்த மூக்கைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை, பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூடச் சிலருக்கு இருக்காது. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து நிறம் பார்க்கும் பெட்டி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதில் அவர் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் புது மேலாளர் ஒருவர் வந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை அரிக்கும். இவர் ஒரு விதி கொண்டுவந்தார். ரசாயனத்தைத் தொட்டு வேலை செய்கிற யாராக இருந்தாலும் மாலை வகுப்பில் அடிப்படை வேதியியல் படித்துத் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் வாசலில் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கு மாறிக்கொள்ளலாம். சம்பளத்தில் ஒன்றும் குறையாது என்று ஆறுதலும் சொன்னார்.

சம்பளம் யாருக்கு வேண்டும். வண்டி நிறுத்துமிடம் என்றால் தகரக் கூரை, புகை, நாள் முழுக்க விசில். குளம் அப்படியா? காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடக்கும். அடியில் போட்டிருக்கும் கோடுகள் நேராகத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் வாழ்க்கையில் அவருக்கே அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று மாலை வகுப்பில் பெயர் கொடுத்தார்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டே இருக்கும். சலவைக்கடை முதலாளி ஒருவர், முடிக்குச் சாயம் போடும் பெண்கள் இரண்டு பேர், பெயின்ட் கலக்கிற ஒருவர், இவர். சொல்லித்தந்த டீச்சருக்கு வயது அதிகமில்லை. இவர் குளத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெண் பால் பற்களோடு திரிந்திருக்க வேண்டும்.

முதல் நாளே ஆள் மூக்குடைந்து போனார். அவரவர் தொழிலில் என்ன ரசாயனம் புழங்குகிறது என்று டீச்சர் கேட்க, இவர் எழுந்து தன் மூக்கின் மகிமையை விரிவாக எடுத்துச் சொன்னார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காரமான வாடை நல்ல குளோரினுடையது இல்லை என்றார். குளிக்கிறவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து, வேலை செய்து தீர்ந்துபோன குளோரின்தான் அப்படி நாறும். ஆக, வாடை அடித்தால்தான் இன்னும் போட வேண்டும். அதாவது இத்தனை வருடமும் போட வேண்டிய நாளில் போடாமல், வேண்டாத நாளில் போட்டிருக்கிறார். வகுப்பு சிரித்தது. சலவைக்கடைக்காரர் சற்று அதிகமாகவே சிரித்தார். தன் பிள்ளைகளைப் பல வருடம் அந்தக் குளத்துக்கு அனுப்பியிருப்பது ஞாபகம் வந்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அதன் பிறகு அணு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மனிதர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நடுவில் கரு, சுற்றிலும் கூடுகூடாக எலக்ட்ரான்கள், மற்றதெல்லாம் வெற்றிடம் என்றார் டீச்சர். வெற்றிடம் என்றால் தான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு எப்படிக் கீழே விடாமல் தாங்குகிறது என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி என்று டீச்சர் பாராட்டிப் பதிலும் சொன்னார். பாராட்டு புரிந்தது. தனிம அட்டவணை வந்த நாளில் தலை சுற்றியே விட்டது. அத்தனை கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். முதல் தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் சொல்லவில்லை. முகம் தொங்கிப்போய் வந்ததைப் பார்த்தே மனைவி தெரிந்துகொண்டாள்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறவள். வெட்டிய துணியை வைத்துக்கொண்டு அழுவதில் பிரயோஜனமில்லை என்று தொழிலில் கற்றவள். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். உறவுக்காரர்களில் யார் எப்போது என்ன பேசினார்கள், யார் எங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் இந்த மனுஷனுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறதே, அந்த ஞாபகத்தில் பாதியை வேதியியலுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். தனிமத்தின் பெயர்தானே மறக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு உறவுக்காரரை உட்கார வையுங்கள் என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே சொந்தபந்தம் மொத்தமும் அட்டவணைக்குள் குடியேறிவிட்டது. எதோடும் சேராத, எதற்கும் அசையாத மந்த வாயுவாக நியான் என்ற கட்டத்தில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அத்தான் பக்கத்தில் இடி விழுந்தாலும் தினசரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபக்கம் படிப்பார். நாலு பக்கமும் கை நீட்டி யாரோடும் ஒட்டிக்கொள்கிற கார்பன், மனைவி. மாமியார் ஆக்சிஜன்: அவர் இல்லாமல் யாரும் மூச்சுவிட முடியாது, அவர் இல்லாமல் எங்கேயும் தீப்பிடிக்கவும் பிடிக்காது. எதிரில் யார் வந்தாலும் ஒன்றைப் பறித்துக்கொள்ளப் பார்க்கும் குளோரினுக்கு மச்சினன். குடை, சார்ஜர், ஏணி, எது வாங்கினாலும் அவனிடம் போனது போனதுதான். பிறகு சோடியம். அதற்கு அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

தன்னை எந்தக் கட்டத்தில் வைப்பது என்றும் அவர் யோசிக்கவில்லை. அடுத்தவர் குணத்தை எடை போடுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை.

அடுத்த தேர்வில் அவர் வகுப்பில் இரண்டாவதாக வந்தார். சலவைக்கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. குளத்துக்காரர் தலைகால் புரியாமல் திரிந்தார். பல் தேய்க்கும்போதும் படிப்பு, இலை அள்ளும்போதும் படிப்பு. மனைவி மெஷினை மிதித்துக்கொண்டே கேள்வி கேட்பாள், இவர் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கிருந்து பதில் கத்துவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் குளியலறையில் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். மனைவி பின் அறையில் மெஷினில். வாசல் கதவு திறந்து கிடந்தது. தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையை வாங்கிப்போக அக்காவும் அத்தானும் வந்து கூடத்தில் உட்கார்ந்தது இரண்டு பேருக்குமே தெரியாது.

"தண்ணி பட்டதும் வெடிக்கிறது எது?"

"எங்க அக்கா."

"கெட்டியா இருக்குமா?"

"பாக்கத்தான் கெட்டி. கத்தி எடுத்தா வெண்ணெய் மாதிரி வெட்டிரலாம்."

"எதுல போட்டு வைக்கணும்?"

"மண்ணெண்ணெய்ல. முழுசா முங்கணும். வெளிய விட்டா ஆபத்து."

அடுத்த கேள்வி வரவில்லை. மெஷின் சத்தமும் நின்றுவிட்டது. பாதி நுரையோடு இவர் எட்டிப் பார்த்தபோது அக்கா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு வெடிப்புக்குக் காத்திருந்தார். அக்கா கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா படிடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரைச்சீலையைக்கூட எடுக்காமல் படி இறங்கிப் போனாள். அத்தான் கூடத்துப் பானையிலிருந்து தானே மொண்டு வைத்திருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார், தம்ளரை மேஜைமேல் வைத்தார், பின்னாலேயே போனார். நியானுக்கு ஏற்ற நடத்தை.

போன் செய்தால் அக்கா எடுக்கவில்லை. விஷயம் மட்டும் ஊர் பூராவும் போய்விட்டது. யார் யார் என்னென்ன தனிமம் என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மாமியாருக்குத் தான் ஆக்சிஜன் என்பதில் பரம சந்தோஷம். மூச்சுவிடும் பாதியை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மச்சினன் நேரிலேயே வந்தான். குளோரின் என்றால் கிருமிநாசினியா என்று கோபப்பட்டான். தன்னைத் தங்கத்தில் போடாவிட்டால் இனிமேல் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்றான். அது நல்ல செய்திதான் என்றாலும், மனைவி முறைத்ததால் இவர் அவனைத் தங்கமாக்கினார். பிறகு அக்காவுக்கு மனசு பொறுக்குமா என்று தோன்றவே, மச்சினனை வெள்ளிக்கு இறக்கி, அக்காவைத் தங்கமாக்கினார். அந்தச் செய்தியை அத்தான் மூலமாகச் சொல்லி அனுப்பினார். நியான் வழியாகச் செய்தி போகுமா? போகவில்லை.

இறுதித் தேர்வுக்கு முந்தின மாதிரித் தேர்வில் விளைவு தெரிந்தது. தங்கத்தைத் தண்ணீரில் போட்டால் பயங்கரமாக வெடிக்கும் என்று எழுதியிருந்தார். அதை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றும், ஆகையால் வளையல் செய்ய உகந்தது சோடியம் என்றும் எழுதியிருந்தார். வெள்ளி எதிரில் வருவதை எல்லாம் பறித்துக்கொள்ளும் என்ற வரிக்குக் கீழே டீச்சர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவரை நிறுத்திக் கேட்டார். வேறு வழியில்லாமல் குடும்பக் கதை முழுவதையும் சொன்னார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"கேக்கிறவங்களை எல்லாம் முன்வரிசையில நிறுத்த இது குரூப் போட்டோ இல்லைங்க. எது எங்க இருக்கணும்னு அதோட எலக்ட்ரான்தான் முடிவு பண்ணும்" என்றார். "அதோட, நீங்க சோடியத்துல பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. வெடிக்கும்னு படிச்சீங்க. ஏன் வெடிக்குதுன்னு படிக்கவே இல்ல."

பலகையில் வட்டம் போட்டு விளக்கினார். முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சோடியத்தால் சும்மா இருக்க முடியாது. வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தால் உடனே கொடுத்துவிடும். அப்படிக் கொடுக்கிறபோது வருவதுதான் அந்தச் சூடும் சத்தமும்.

குளத்துக்காரர் அன்று பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். அம்மா போனபோது அவர் சின்னப் பையன். ஒருவராவது படிக்கட்டும் என்று அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாட்டில் கழுவும் வேலைக்குப் போனாள். படிக்க வேண்டியவர் வேதியியலில் முட்டை வாங்கி அவரும் பள்ளியை விட்டார். அன்றைக்கு அக்கா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. சத்தம் போட்ட கையோடு இவரை இழுத்துக்கொண்டு நீச்சல் குளத்து அலுவலகத்துக்குப் போய், அங்கேயும் சத்தம் போட்டு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். யோசிக்க யோசிக்க, அக்கா எதையாவது கொடுக்காமல் சத்தம் போட்டதாக ஒரு சம்பவமும் அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லோருடைய குற்றத்தையும் நெட்டுருப் போட்டு வைத்திருந்த மண்டை அது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் சமையலறைக்குத் திரும்பிப்போய்க் காய் நறுக்க ஆரம்பித்தாள். அத்தான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். இவர் உட்காரவில்லை. அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்தார்.

"அக்கா, சோடியத்தோட கடைசிக் கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான்தான் இருக்கு. அதை வச்சுக்கிட்டு அதால சும்மா இருக்க முடியாது, யாருக்காவது குடுத்துரும். குடுக்கும்போதுதான் அந்தச் சத்தம். நான் சத்தத்தை மட்டும் படிச்சு வச்சிருந்தேன்."

கத்தி நின்றது.

"இருக்கிற ஒண்ணையும் குடுத்துட்டா அப்புறம் அதுக்கு என்னடா மிச்சம்?"

"அப்புறம் அது வெடிக்காதுக்கா. அமைதியாயிரும். உப்புல இருக்கிறது அப்படிப்பட்ட சோடியம்தான்."

"வாங்கிக்கிட்டது யாரு?"

"குளோரின். அதுக்கு மச்சினனைப் போட்டிருக்கேன்."

அக்கா அப்போதுதான் திரும்பினாள்.

"அவன் என்கிட்ட ஒரு குடைதான்டா வாங்கினான். நல்லா யோசிச்சுச் சொல்லு."

குளத்துக்காரர் யோசித்தார். ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. "நான்தான்" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் அத்தானைப் பார்த்தார். அத்தான் தினசரியைக் கீழே வைத்திருந்தார். அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

மண்ணெண்ணெய் எதற்கு என்று அக்கா கேட்டாள். காற்றும் ஈரமும் பட்டு வீணாகிவிடாமல் பாதுகாக்கத்தான் என்றார். யோசித்துப் பார்த்துவிட்டு, சரி, சோடியமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். தங்கம் வேண்டாமா என்று கேட்டதற்கு, ஒன்றுக்கும் அசையாத ஆள் இந்த வீட்டில் ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டாள். அதோடு கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. தேர்வு முடிவு வந்ததும் சொல்லு, அதுவரைக்கும் போன் பண்ணாதே என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் பழைய இடத்தில் உட்காரவைத்தார். குளோரின் கட்டத்தில் தானே போய் உட்கார்ந்தார். மச்சினனை அதற்கு மேல் கட்டத்தில் இருக்கும் ஃப்ளோரினுக்கு உயர்த்தினார். பறித்துக்கொள்வதில் குளோரினையும் மிஞ்சியது அது. பதவி உயர்வு என்று மட்டும் மச்சினனிடம் சொல்லப்பட்டது. அவனுக்கு ரொம்பத் திருப்தி.

எழுத்துத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு, குளத்தில் வாடை அதிகமானால் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்டார். மூக்கை நம்பாமல் பெட்டியை எடுத்துச் சோதிப்பேன் என்று இவர் சொன்னார். திருகாணிகளை அன்று காலையில்தான் வேறு டப்பாவுக்கு மாற்றியிருந்தார். அடுத்தது, சோடியம் ஏன் தண்ணீரோடு அவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்ற கேள்வி.

"அவங்க கடைசிக் கூட்டுல ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. அதையும் அவங்க தனக்குன்னு வச்சுக்க மாட்டாங்க. குடுத்துருவாங்க. நாமதான் சத்தத்தைப் பாத்துப் பயப்படுறோம்."

"எவங்க?" என்றார் வந்தவர்.

"சோடியம், சார்."

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவு ஒரு காலை நேரத்தில் போனில் வந்தது. அப்போது குளத்தின் படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்திருந்தார். தேர்வில் தேறியிருந்தார். குளம் அவருடையதுதான். டீயைப் படியில் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டுக்கா."

அவ்வளவுதான், ஆரம்பித்தது. மீதி நாற்பத்தெட்டு எங்கே போயிற்று என்பதில் தொடங்கி, சின்ன வயதில் புத்தகத்தை ஒளித்து வைத்துவிட்டு ஓடியது, கண்ட நேரத்தில் குளித்துவிட்டுச் சளி பிடித்துக்கொள்வது, மெலிந்து போயிருப்பது, ராத்திரி சாப்பாட்டுக்கு இருவரும் வந்தே ஆகவேண்டும் என்பது, வரும்போது அந்தத் திரைச்சீலையைக் கொண்டுவராவிட்டால் என்ன நடக்கும் என்பது வரை மூச்சுவிடாமல் பொழிந்தாள். குளத்துக்காரர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இருந்தும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவ்வப்போது "சொல்லுக்கா" என்றார். டீ ஆறிப்போனது. கதவு திறந்து முதல் ஆட்கள் துண்டோடு வந்து தண்ணீரில் குதித்தார்கள். அக்கா இன்னும் முடித்திருக்கவில்லை.